கோழிக்கு அளவெடுத்த லூஸ் டெய்லர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். லூஸ் டெய்லர் கடை எது என்று கேட்டுப் பாருங்கள், பால் வாங்க வந்த குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்திவிடும். புத்தி கழன்ற மனுஷர் போலிருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். எதைத் தைத்தாலும் எடுத்த அளவுக்கு மேலே அரை இன்ச் லூஸ் விடுவது அவர் பழக்கம். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கழன்றதும் கொஞ்சம் உண்டு என்பது அவர் மனைவியின் கட்சி. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

"எனக்கு நல்லா பிடிச்ச மாதிரி தைங்க டெய்லர், தொளதொளன்னு வேண்டாம்" என்று இளம் பெண்கள் வந்து கறாராகச் சொல்வார்கள்.

"பிடிச்ச மாதிரிதான் தைக்கிறேன். உள்ள மட்டும் துணி விட்டு வைக்கிறேன். நாளைக்கு நீ பெருத்தா பிரிச்சுக்கலாம்."

"நான் ஏன் பெருக்கணும்?"

"சந்தோஷமா இருந்தா பெருப்ப. இந்தப் பொண்ணு சந்தோஷமாவே இருக்கப் போறதில்லன்னு நினைச்சுத் துணி வெட்ட எனக்குக் கை வராது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முன்பணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போவாள்.

காலப்போக்கில் அந்த அரை இன்ச், கையிலிருந்து வாய்க்கு ஏறிவிட்டது. டேப்பில் கண் இருபத்தாறு என்று பார்க்கும், வாய் இருபத்தாறரை என்று சொல்லும். பஸ் எப்போது வரும் என்று கேட்டால் அதிலும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார். பசிக்கிறதா என்று கேட்டால் அதிலும்தான். வேண்டுமென்று செய்கிற காரியம் இல்லை. சிலருக்குக் கண் துடிக்கிற மாதிரி இவருக்கு அரை துடிக்கும்.

மனைவி நேர் எதிர். கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் கோழி வளர்த்துத் தெரு முழுக்க முட்டை கொடுத்ததால் அவளுக்கு முட்டையக்கா என்று பெயர். அவளிடம் கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. உள்ளதை உள்ளபடி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவளுக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். "கல்யாணத்தன்னைக்கு என் இடுப்பு முப்பத்திரண்டு. இன்னைக்கும் முப்பத்திரண்டு. அன்னைக்கு இவரு தைச்ச பச்சைக் கவுன் இன்னும் எனக்கு அப்படியே பொருந்துது" என்பாள். முட்டை வாங்க வருகிறவர்களுக்கு முட்டையோடு சேர்த்து இந்தச் சேதியும் கிடைக்கும். கேட்பவர்கள் அவளை ஒரு பார்வை பார்ப்பார்கள், டெய்லரை ஒரு பார்வை பார்ப்பார்கள். டெய்லர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவார், ஏற்கெனவே கோத்திருந்தாலும்.

அப்படியிருந்த வீட்டில் முட்டை குறைந்தது. வாடிக்கைக்காரர்கள் வெறும் கூடையோடு திரும்பிப் போனார்கள்.

"மூட்டை மூட்டையா தீவனம் உள்ள போகுது. வெளிய என்ன வருது? கொக்கரக்கோதான் வருது" என்று முட்டையக்கா பொருமினாள். "இந்தக் கூட்டத்துல எதுவோ உக்காந்து தின்னுக்கிட்டிருக்கு. அதைக் கண்டுபிடிச்சு என் தம்பிகிட்ட தள்ளிவிட்டாத்தான் எனக்கு நிம்மதி."

தம்பி என்றால் அவள் கூடப்பிறந்த தம்பி. பக்கத்துத் தெருவில் கறிக்கடை வைத்திருந்தான். டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டார். காரணம், மேடம்.

மேடம் என்பது ஒரு கோழி. தேன் நிறம், மினுமினுப்பான இறகு, அதிகாரி சோதனைக்கு வந்த மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடை. மற்ற கோழிகள் முற்றத்தில் கிளறிக்கொண்டிருக்கும்போது மேடம் மட்டும் கடைக்குள் வரும். ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். பிறகு மெஷினுக்குக் கீழே, அவர் மிதிக்கிற காலுக்குப் பக்கத்தில், வெட்டுத்துணிக் குவியலில் உட்கார்ந்துவிடும். அவர் பேசுவார், அது கேட்கும். நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து தைக்கிற மனுஷருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தைத்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கோழியின் மேல் அவருக்கு உயிர். வெளியே சொன்னால் லூஸ் என்ற பெயருக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடுமே என்று சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான்.

முட்டையக்கா தீவனக் கடைக்குப் போய் யோசனை கேட்டு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கடை வாசலில் நின்று ஒப்பித்தாள்.

"முட்டை போடுற கோழிக்குக் கொண்டை நல்லா செவந்து இருக்குமாம். கால்ல இருக்கிற மஞ்சள் எல்லாம் வெளுத்துப் போயிடுமாம். இறகு அங்கங்க பிஞ்சு அலங்கோலமா இருக்குமாம். உழைக்குதில்ல பாவம். பளபளன்னு இறகும் மஞ்சள் மஞ்சளா காலுமா ஒரு கோழி மினுக்கிக்கிட்டுத் திரிஞ்சா அது சும்மா திங்கிற கோழியாம்."

மேடம் அப்போதுதான் கண்ணாடி பார்த்துவிட்டு வெளியே வந்தது. அதன் கால் இரண்டும் மஞ்சள் பெயிண்டில் முக்கி எடுத்த மாதிரி இருந்தன. டெய்லர் சட்டென்று ஒரு துணியை அதன் மேல் போட்டார்.

"கலர் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்மா. அதை நம்பலாமா?"

"அதனாலதான் கடைக்காரரு கடைசியா ஒண்ணு சொன்னாரு. வாலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்காம். அது நடுவுல ரெண்டு விரல், மூணு விரல் போனா முட்டை வருதுன்னு அர்த்தம். ஒரு விரல்தான் போகுதுன்னா கதவைச் சாத்தியாச்சுன்னு அர்த்தம்."

அன்றைக்கே விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கோழியை அவள் பிடித்துப் பார்த்து மூன்று விரல் என்றாள். அதையே அவர் பார்த்துவிட்டு இரண்டு என்றார். அவள் விரல் வெண்டைக்காய், அவர் விரல் கத்தரி பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரல். இருவரும் முற்றத்தில் நின்று கையோடு கை வைத்து அளந்து பார்த்ததுதான் மிச்சம். கல்யாணமான புதிதில் அப்படி வைத்துப் பார்த்தது, அதற்கப்புறம் இப்போதுதான். ஒரு நிமிஷம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முட்டையக்கா சிரிப்பில் மயங்குகிற ஆளா?

"விரலை நம்ப முடியாது. டேப் எடுங்க" என்றாள். மறுபடியும் தீவனக் கடைக்கு ஓடி, அந்த மனுஷர் கையை அவர் கடை ஸ்கேலிலேயே வைத்து இரண்டு விரலின் அகலம் ஒன்றரை இன்ச் என்று பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றரையோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டில், கீழே இருந்தால் தம்பி கடையில். நாளைக்குக் காலையில் கூண்டோடு வந்துவிடு என்று தம்பிக்கு அப்போதே சொல்லியும் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அளவெடுப்பு தொடங்கியது. முட்டையக்கா கோழியைக் கக்கத்தில் இடுக்கி வாலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியது, டெய்லர் டேப்பை வைத்துப் படிக்க வேண்டியது. முதல் கோழி வந்தது. இத்தனை வருஷப் பழக்கம் விடுமா?

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. சாதாரணமா நில்லுங்க" என்றார் கோழியிடம்.

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

"அது இழுத்துப் பிடிக்குதும்மா."

"அளவைச் சொல்லுங்க முதல்ல."

டேப் இரண்டு காட்டியது. "ரெண்டரை" என்றார். அடுத்ததற்கு ஒன்றேமுக்கால் காட்டியது, ரெண்டேகால் என்றார். ஒரு கோழி திமிறி அவர் மூக்கைக் கொத்தியது. ஒன்று அவர் தோளில் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. இன்னொன்று டேப்பின் நுனியைக் கவ்விக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓட, டேப் பின்னாலேயே அவரும், அவர் பின்னாலேயே முட்டையக்காவும் ஓடினார்கள். மாடியில் துணி காயப்போட வந்த அடுத்த வீட்டு அம்மாள் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். "என்ன டெய்லர், கோழிக்கும் தைக்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள். "ஆர்டர் வந்தா தைக்க வேண்டியதுதானே" என்று இவர் ஓடிக்கொண்டே பதில் சொன்னார்.

கடைசியாக மேடம் வந்தது. டெய்லர் டேப்பை வைத்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி வைத்தார். முக்கால். எப்படி இழுத்து வைத்தாலும் முக்காலுக்கு மேல் ஒரு நூல்கூடப் போகவில்லை. வாய் திறந்தால் பழக்கத்தில் அரை சேர்ந்து ஒன்றேகால் என்று வரும். அதுவும் போதாது. ஒன்றரை வேண்டும்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"ஒன்றரை" என்றார் டெய்லர். அதில் அரை தானாக வந்தது. மிச்சக் கால் இன்ச்சை மட்டும் அவர் தெரிந்தே போட்டார். காது மடல் சூடாகிவிட்டது.

முட்டையக்கா மேடத்தைக் கீழே விட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாருமே பாஸ். அப்போ முட்டை எங்க?"

டெய்லர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்னால் கூண்டைக் கட்டிக்கொண்டு தம்பி வந்து இறங்கினான். மாமன் டேப்பும் கையுமாக, தலையில் ஒரு இறகோடு நிற்பதைப் பார்த்தான்.

"என்ன மாமா, எனக்கு இடுப்பளவு எல்லாம் வேண்டாம். எடை மட்டும் போதும்."

"வாயை மூடிக்கிட்டு நில்லுடா" என்றாள் முட்டையக்கா. அவள் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு டேப் மேலதான் சந்தேகம். குடுங்க இங்க."

வாங்கினாள். தெரிந்த அளவு ஒன்றில் வைத்துப் பார்த்தால் டேப்பின் வண்டவாளம் தெரிந்துவிடப் போகிறது. அவளுக்கு உலகத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான். டேப்பைத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். நுனியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"முப்பத்தொன்பது காட்டுது" என்றாள்.

தம்பிக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. "அக்கா, ஒருவேளை..." என்று ஆரம்பித்தான். டெய்லர் அவன் காலை ஓங்கி மிதித்தார், மெஷின் மிதித்துப் பழகிய கால்.

"சுருங்கிப் போச்சு" என்றாள் முட்டையக்கா, கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு. "வெந்நீர்ல எதுலயோ விழுந்து டேப் சுருங்கிப் போச்சு. அதனாலதான் எல்லாத்தையும் கூட்டிக் காட்டுது. என் முப்பத்திரண்டையே முப்பத்தொன்பதாக்குதே, கோழி எம்மாத்திரம். அந்த மேடத்துக்கு ஒன்றரைன்னு சொன்னீங்களே, அது நிச்சயமா ஒன்றரை இல்ல. தம்பி, முதல்ல அதைத் தூக்கு."

பாருங்கள் அந்த மனுஷர் மாட்டிக்கொண்ட லட்சணத்தை. ஆமாம், டேப் சுருங்கிவிட்டது என்றால் மேடம் கூண்டுக்குள் போகும். இல்லை, டேப் சரிதான் என்றால் அவள் இடுப்பு முப்பத்தொன்பது. எத்தனையோ வருஷமாக ஒருத்தியைக் கண்ணாடி முன்னால் சிரிக்க வைத்த நம்பர், இந்த முற்றத்தில், கூடப்பிறந்தவன் முன்னால், அடுத்த வீட்டு மாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து போகும்.

தம்பி மேடத்தின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். அது கத்தவில்லை. கழுத்தை வளைத்து டெய்லரைத்தான் பார்த்தது.

"டேப் சரிதாம்மா" என்றார் டெய்லர்.

"என்னது?"

"டேப் சுருங்கல. புதுசு. போன வாரம்தான் வாங்கினேன். அது பொய் சொல்லாது."

முட்டையக்கா டேப்பைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "மாமா, உங்க கதை முடிஞ்சுது" என்று தம்பி ரகசியமாகச் சொன்னான். அவள் பச்சைக் கவுனோடு திரும்பி வந்தாள். வெயிலில் நின்று அதை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டினாள்.

பக்கத் தையலுக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக ஊசித் தடம். ஒரு தையல் பிரித்த தடம், அதற்கு அடுத்து இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. உள்ளே விட்டிருந்த துணி எல்லாம் தீர்ந்து போன இடத்தில், கண்ணுக்கே தெரியாத மாதிரி வேறு துணியில் ஒரு பட்டி கொடுத்திருந்தது.

"இது என்ன துணி?"

"ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சதுல மிஞ்சினது. கலர் சரியா சேர்ந்துச்சு."

"எப்போ செஞ்சீங்க இதெல்லாம்?"

"ஒவ்வொரு விசேஷத்துக்கும் முன்னாடி அயர்ன் பண்ணித் தரேன்னு வாங்கிட்டுப் போவேனே, அப்போதான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

டெய்லர் தலையிலிருந்த இறகை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார். "அதைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு முப்பத்திரண்டுன்னு சொல்லிச் சிரிப்ப. அதைப் பார்த்துட்டு நான் எந்த வாயால முப்பத்தொன்பதுன்னு சொல்றது?"

முட்டையக்காவின் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றும்தான். கவுனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் என்னைப் பார்த்து மனசுக்குள்ள சிரிச்சிருப்பாங்க" என்றாள். பிறகு தன் மேலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள், முப்பத்தொன்பதும் சேர்ந்து குலுங்கியது. "டேப் சுருங்கிப் போச்சுன்னேனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். தலைகீழாகத் தொங்கிய மேடம் கூடச் சேர்ந்து ஆடியது.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே என்கிட்ட அளவை மாத்திச் சொல்லாதீங்க" என்றாள், மெல்லிய குரலில்.

அந்தக் குரல்தான் டெய்லரைக் கவிழ்த்துவிட்டது. டேப் சரி என்று ஆகிவிட்டது, மேடத்தின் ஒன்றரையும் அதோடு நிலைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கோழி தப்பித்திருக்கும். மென்று முழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்படின்னா இன்னொண்ணும் சொல்லிடறேன். டேப்தான் சரி, என் வாய் சரியில்ல. எல்லாக் கோழிக்கும் அரை அரை சேர்த்துட்டேன். பழக்கதோஷம். மேடத்துக்கு முக்கால்தான்."

"முக்காலும் அரையும் ஒன்றேகால்தானே வரும்? ஒன்றரைன்னீங்க?"

"அரை தானா வந்துச்சு. கால் நான் போட்டேன்."

சொல்லிவிட்டு அவர் திரும்பி நின்றுகொண்டார். தன் வாயாலேயே அதைக் கூண்டுக்குள் தள்ளியாயிற்று. மேடம் இல்லாமல் மெஷின் மிதிக்க வேண்டுமே என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

முட்டையக்கா கணக்கில் கெட்டிக்காரி. சொன்ன அளவில் எல்லாம் அரையைக் கழித்தாள். சாம்பல் நிறக் கோழி இரண்டு ஒன்றரைக்குக் கீழே விழுந்தன. கொஞ்சம்கூட யோசிக்காமல் இரண்டையும் பிடித்துத் தானே கூண்டுக்குள் போட்டாள். பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள்.

"அதை இப்படிக் குடு."

மேடத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கினாள். வாலைத் தூக்கினாள். வெண்டைக்காய் விரல் இரண்டை வைத்து, ரொம்ப நேரம் ரொம்பக் கவனமாகப் பார்த்தாள்.

"மூணு விரல் போகுது" என்றாள். "முட்டை போடுற கோழி."

டெய்லர் திரும்பிப் பார்த்தார். தம்பி கிட்டே வந்து குனிந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா காதுல பூ சுத்துற? ஒரு விரல்தான் போகும். ரெண்டு விரலையும் எலும்புக்கு மேல விரிச்சு வச்சிருக்க, நடுவுல இன்னும் ஒரு விரலுக்கு இடம் கிடக்குது."

"லூஸ் விட்டிருக்கேன்டா" என்றாள் முட்டையக்கா.

தம்பி கூண்டை ஸ்கூட்டரில் கட்டினான். போகும்போது, "உங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பெயரைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக் குடுத்துடலாம் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். மேடம் இறகைச் சிலுப்பிச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே நடக்காதது போல, கண்ணாடி பார்க்கக் கடைக்குள் போனது.

முட்டையக்கா பச்சைக் கவுனை அவர் மெஷினில் போட்டாள்.

"இதுல பிரிக்க இன்னும் எவ்வளவு துணி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

டெய்லர் பட்டியைத் தூக்கிப் பார்த்தார். கால் இன்ச் இருந்தது.

"முக்கால்" என்றார்.

அவள் மனசுக்குள் அரையைக் கழித்துக்கொண்டு, "போதும்" என்றாள்.